96 ஆடுகளும் ஒரு விளக்கும்: மென்பொருளுக்கு மாதிரி அமைக்கக் கற்பது

(திருவண்ணாமலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தமிழ்நாட்டில் கணினிப் பொறியியல் படித்தவர் யாரையாவது நிறுத்தி, மென்பொருள் வடிவமைப்பு ஆய்வகத்தில் முதலில் எந்தப் பயிற்சி செய்தீர்கள் என்று கேளுங்கள். பாஸ்போர்ட் ஆட்டோமேஷன் சிஸ்டம் என்பார்கள். அடுத்தது புத்தக வங்கி, அதற்கடுத்தது தேர்வுப் பதிவு. பிறகு சரக்கிருப்பு, இ-டிக்கெட், கிரெடிட் கார்டு, ஆள்சேர்ப்பு, அந்நிய வணிகம், மாநாட்டு மேலாண்மை என்று பட்டியல் நீளும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013, 2017 ரெகுலேஷன்களில் 'ஆப்ஜெக்ட் ஓரியண்டட் அனாலிசிஸ் அண்ட் டிசைன்' ஐந்தாம் பருவத்துப் பாடம். 2021 ரெகுலேஷனில் அதன் பெயரும் இடமும் மாறின. ஆனால் அந்தப் பட்டியல் பல கல்லூரிகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. மூத்த மாணவரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து இளைய மாணவரின் ரெக்கார்டு நோட்டுக்கு அது அப்படியே இறங்கிவருகிறது.

பட்டியலில் உள்ள தலைப்புகளை நான் குறை சொல்லவில்லை. ஒவ்வொன்றும் நல்ல தலைப்புதான். ஆனால் அந்தப் படங்களை வரைகிற மாணவரிடம் பெரும்பாலும் பாஸ்போர்ட் இல்லை. பாஸ்போர்ட் அலுவலகத்துக்குள் அவர் போனதில்லை, அங்கே வேலை பார்க்கும் ஒருவரோடு பேசியதும் இல்லை. 'விண்ணப்பதாரர்', 'காவல்துறை', 'அலுவலர்' என்று மூன்று பெட்டி போட்டுக் கோடு இழுக்கிறார். பெட்டிகள் நேராக இருக்கின்றன, அம்புக்குறிகள் சரியான திசையில் இருக்கின்றன. ஆய்வக ஆசிரியர் கையெழுத்திடுகிறார். 'இது இப்படி நடப்பதில்லை தம்பி' என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான். மாதிரி அமைக்கக் கற்க வேண்டுமானால், நாம் வரைந்ததைப் பார்த்துத் தவறு என்று சொல்லக்கூடியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஒரு துறையை எடுத்துக்கொள்ள வேண்டும். திருவண்ணாமலையில் படிக்கிற பிள்ளைக்கு அந்தத் துறை கோயில். பக்தியால் சொல்லவில்லை. இந்த ஊரில் கணக்கு, காலம், பொறுப்பு, உரிமை, கூட்டம் எல்லாம் ஓரிடத்தில் பின்னிக் கிடப்பது அங்கேதான். அதைப் பற்றி மணிக்கணக்கில் விளக்கிச் சொல்ல வல்லவர்களும் மாட வீதிகளிலேயே குடியிருக்கிறார்கள்.

இந்தச் சிந்தனைமுறை எங்கே பிறந்தது என்று பார்த்தால் நான் சொல்வதில் புதுமை இல்லை என்பது தெரியும். ஆஸ்லோவில் உள்ள நார்வே கணினி மையத்தில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்ற இருவர் 1960களில் சிமுலா என்ற மொழியை உருவாக்கினார்கள். நிகார்ட் செயல்முறை ஆய்வுத் துறையிலிருந்து வந்தவர். வரிசையில் காத்திருப்போர், வந்து சேரும் சரக்கு, ஓடும் இயந்திரம் ஆகியவற்றைக் கணினிக்குள் நடத்திப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய தேவை. வெளியே இருக்கிற உலகத்தை உள்ளே கொண்டுவரும் அந்த முயற்சியில்தான் இன்று நாம் கிளாஸ் எனும் இனக்குழு, ஆப்ஜெக்ட் எனும் பொருள், இன்ஹெரிட்டன்ஸ் எனும் மரபுரிமம் என்று பதினோராம் வகுப்பிலேயே படிக்கிற கருத்துகள் சிமுலா 67இல் உருக்கொண்டன. அதைப் பயன்படுத்திப் பழகிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய வேலைதான் பின்னாளில் சி பிளஸ் பிளஸ் ஆயிற்று. நம் அரசுப் பள்ளி மேல்நிலை முதலாண்டில் தமிழிலேயே அது கற்பிக்கப்படுகிறது. டாலுக்கும் நிகார்டுக்கும் 2001ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது.

1991இல் ஜேம்ஸ் ரம்பாவும் அவருடைய நான்கு தோழர்களும் 'ஆப்ஜெக்ட் ஓரியண்டட் மாடலிங் அண்ட் டிசைன்' என்ற நூலை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வு மையத்தில் விளைந்த நூல் அது. ஒரு துறையை மூன்று கோணத்தில் பார்க்கச் சொன்னார்கள். என்னென்ன இருக்கின்றன, அவற்றுக்குள் என்ன உறவு என்பது முதல் கோணம். எது நடந்தால் எது எந்த நிலைக்கு மாறுகிறது என்பது இரண்டாவது. எந்த மதிப்பிலிருந்து எந்த மதிப்பு கணிக்கப்படுகிறது என்பது மூன்றாவது. பிறகு ரம்பா, கிரேடி பூச், இவார் யாக்கப்சன் மூவரும் ஒரே நிறுவனத்தில் சேர்ந்து தத்தம் குறியீடுகளை ஒன்றாக்கினார்கள். அதுதான் 1997இல் பொதுத்தரமாக ஏற்கப்பட்ட யூ.எம்.எல். என்ற குறியீடு. குறியீட்டைப் பற்றி இதற்கு மேல் நான் பேசப்போவதில்லை. அதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

இப்போது கோயிலுக்குள் போவோம்.

அருணாசலேசுவரர் கோயில் கல்வெட்டுகளைப் பி.ஆர். சீனிவாசன் தொகுத்துப் பதிப்பிக்க, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990இல் வெளியிட்டது. கல்வெட்டு என்றால் அரசர் பெயரும் போர்ச் செய்தியும்தான் என்று நினைக்கிறோம். உண்மையில் தமிழ்நாட்டுக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பகுதி கொடைப் பத்திரம். யார், யாருக்கு, எதற்காக, எதைக் கொடுத்தார், அதை நடத்த வேண்டியவர் யார் என்ற விவரம்தான் அதில் இருக்கும். சோழர் காலத்தில் மிகப் பரவலாகக் கிடைக்கும் ஒரு கொடையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் நந்தா விளக்கு எனும் அணையா விளக்கு ஒன்று எரிவதற்காக 96 ஆடுகளைக் கொடுக்கிறார். இடையர் ஒருவர் அவற்றை ஏற்றுக்கொள்கிறார். நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டியது அவருடைய கடமை. சந்திரனும் சூரியனும் உள்ளவரை இது நடக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர்.

இதை ஒரு மாணவரிடம் கொடுத்து மாதிரி அமைக்கச் சொன்னால், முதலில் 'ஆடு' என்ற இனக்குழுவை எழுதுவார். வயது, நிறம், எடை, பிறந்த நாள் என்று பண்புகளை அடுக்குவார். கண்ணுக்குத் தெரிகிற பொருள் ஆடு என்பதால் அது இயல்புதான். அடுத்து அவரிடம் கேட்க வேண்டியது: ஆட்டின் வயது கோயிலுக்குத் தெரிய வேண்டுமா? வேண்டாம். ஆடு சாகாது, மூப்படையாது என்று பத்திரத்திலேயே எழுதியாகிவிட்டது. சாகும் ஆட்டுக்குப் பதில் குட்டி வளர்ந்து நிற்கும். அந்த நிரவல் முழுக்க இடையருடைய கையில். கோயில் கணக்கில் இருப்பது மந்தை. மந்தைக்குள் உள்ள ஒவ்வோர் ஆடும் மாறிப்போனாலும் அது அதே மந்தைதான். 96 என்ற எண் குறையக் கூடாது என்பது மாறா விதி. நாளுக்கு உழக்கு நெய் என்பது மந்தையை வைத்திருப்பவர் நிறைவேற்ற வேண்டிய கடமை.

ஒரு பொருளின் அடையாளம் வேறு, அதன் அப்போதைய நிலை வேறு. உள்ளே எப்படி நடக்கிறது என்பதை மறைத்து, வெளியே என்ன தரவேண்டும் என்பதை மட்டும் காட்ட வேண்டும். பாடநூல் இவற்றை இரண்டு இயல்களில் சொல்கிறது. இந்த ஒரு கொடைக்குள் இரண்டும் இருக்கின்றன. பெர்ட்ரண்ட் மேயர் என்ற அறிஞர் 1980களில் ஐஃபல் என்ற மொழியை அமைத்தபோது, மென்பொருளின் ஒவ்வொரு பகுதியும் மற்றதோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்றார். நான் எதை எதிர்பார்க்கிறேன், எதைத் தருவேன், எந்த விதி என்னிடத்தில் எப்போதும் மாறாது என்று ஒவ்வோர் இனக்குழுவும் சொல்லியாக வேண்டும் என்பது அவருடைய முறை. அதைப் படிக்கிற திருவண்ணாமலை மாணவர் இந்த 96 ஆடுகளை நினைத்துக்கொண்டால் போதும்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. இரண்டு ஆட்டுக்கு ஒரு பசு, ஆறு ஆட்டுக்கு ஓர் எருமை என்ற கணக்கு. நெய் எந்தக் கால்நடையிலிருந்து வந்தது என்று விளக்கு கேட்பதில்லை. உழக்கு நெய் வந்ததா என்பதுதான் அதன் கேள்வி. பல்லுருவாக்கம் என்று நாம் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்வது இதைத்தான். பார்பரா லிஸ்கோவ் 1987இல் ஒரு சிறப்புரையில் முன்வைத்து, பின்னர் ஜெனட் விங்குடன் சேர்ந்து 1994இல் திருத்தமாக எழுதிய கொள்கையும் இங்கே பொருந்தும். ஒன்றன் இடத்தில் இன்னொன்றை வைத்தால், முன்னது கொடுத்த வாக்குறுதியைப் பின்னதும் காப்பாற்ற வேண்டும். எருமைகளை 16க்குப் பதில் 10 என்று வைத்தால் பத்திரத்தின் வடிவம் கெடாது. விளக்குதான் பாதி இரவில் அணையும்.

சோழர்கள் மென்பொருள் எழுதினார்கள் என்று பெருமை பேச நான் இதைச் சொல்லவில்லை. அப்படிப் பேசுவது அவர்களுக்கும் மரியாதை ஆகாது, நம் துறைக்கும் ஆகாது. ஓர் ஏற்பாடு பல தலைமுறை நிற்க வேண்டும் என்று நினைத்தவர்கள், எதை நிலையாக வைப்பது, எதை மாறவிடுவது என்று யோசித்தார்கள். டேவிட் பார்னஸ் 1972இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் கேள்வியும் அதுதான். ஒரு நிரலை எப்படிப் பகுதிகளாகப் பிரிப்பது? வேலை நடக்கும் வரிசையை வைத்துப் பிரிக்காதே, பின்னாளில் மாறக்கூடிய முடிவு எதுவோ அதை ஒரு பகுதிக்குள் ஒளித்துவை என்றார். ஐம்பது ஆண்டு கடந்தும் இந்த அறிவுரைக்கு மாற்று வரவில்லை என்பது என் கருத்து.

அடுத்து மரபுரிமம். நம் மாணவர்கள் மிக அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இது. கார்த்திகைத் தீபத் திருவிழாவை மாதிரியாக்கச் சொல்லுங்கள். பத்து நாள் விழா. காலையில் விநாயகரும் சந்திரசேகரரும் உலா வருவார்கள், இரவில் பஞ்சமூர்த்திகள். நாளுக்கொரு வாகனம். ஐந்தாம் நாள் பெரிய வெள்ளி ரிஷபம், ஆறாம் நாள் வெள்ளி ரதம், ஏழாம் நாள் தேர். மரபுரிமத்தைப் புதிதாகக் கற்ற உற்சாகத்தில் மாணவர் 'மூர்த்தி' என்று ஒரு தாய் இனக்குழு போட்டு, அதன் கீழே 'ரிஷப வாகன மூர்த்தி', 'குதிரை வாகன மூர்த்தி' என்று வரிசையாகக் கிளை விடுவார். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நேற்று இன்னொரு வாகனத்தில் வந்த அதே சுவாமிதானே இன்று ரிஷபத்தில் வருகிறார்? நிரலில் ஒரு பொருள் பிறந்த இனக்குழுவை விட்டு இன்னொன்றுக்குத் தாவ முடியாது. அந்தப் படத்தின்படி பார்த்தால் பத்து நாளில் பத்து சுவாமிகள் வேண்டும்.

வாகனம் என்பது மூர்த்தியின் வகை ஆகாது. அந்த நாளுக்கு, அந்த வேளைக்கு அவரோடு சேரும் இன்னொரு பொருள் அது. அப்படி நினைத்ததும் இதுவரை படத்தில் இல்லாத ஓர் இனக்குழு எழுந்து வரும்: 'உலா'. எந்த நாள், எந்த வேளை, எந்த மூர்த்தி, எந்த வாகனம் என்ற நான்கும் அதில் சேர்கின்றன. கண்ணால் பார்க்கவோ கையால் தொடவோ முடியாத இந்த உலாதான் மாதிரியின் நடுத்தூண். ஏழாம் நாள் தேரோட்டத்தில் ஐந்து தேர். அம்மன் தேரைப் பெண்கள் இழுப்பார்கள், சண்டிகேசுவரர் தேரைச் சிறுவர் சிறுமியர் இழுப்பார்கள். இந்த மரபை எங்கே எழுதுவது? மூர்த்தியிடமா, தேரிடமா, உலாவிடமா? வகுப்பில் இந்த ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு ஆசிரியர் அரை மணி நேரம் பேசாமல் இருந்தால், பிள்ளைகள் தாமே விவாதித்து வடிவமைப்பு கற்றுக்கொள்வார்கள். எரிக் காமா முதலிய நால்வர் 1994இல் வெளியிட்ட 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூலில் 23 அமைப்புகள் உள்ளன. மரபுரிமத்தைவிடப் பொருள்களைச் சேர்த்து இயக்குவதையே முதலில் நாடுங்கள் என்ற அறிவுரை அந்த நூலின் முன்பகுதியிலேயே வந்துவிடுகிறது. 23ஐயும் ஒப்பிக்கும் மாணவர் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கிரிவலப் பாதையின் அட்ட லிங்கங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவை எட்டு இனக்குழுக்கள் ஆகா. திசை என்ற பண்பு வேறுபடும் எட்டுப் பொருள்கள், அவ்வளவுதான்.

இதே தவறு அலுவலகத்திலும் நடக்கலாம் என்பதற்குச் சட்டத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. தமிழ்நாடு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம், 1959, அதன் 46ஆம் பிரிவு. ஆண்டு வருமானம் 10,000 ரூபாய் முதல் 2 லட்சத்துக்குள் உள்ள நிறுவனம் 46(1). 2 லட்சம் முதல் 10 லட்சத்துக்குள் 46(2). 10 லட்சமும் அதற்கு மேலும் 46(3). இதைப் படித்ததும் மூன்று துணை இனக்குழுக்கள் எழுதத் தோன்றும். ஆனால் ஒரு கோயிலின் வருமானம் கூடும், குறையும். 10 லட்சத்தைத் தாண்டிய அன்று பழைய பொருளை அழித்துவிட்டுப் புதியதைப் படைப்பதா? அந்தக் கோயிலின் நிலங்களும் குத்தகைகளும் கட்டளைகளும் பழைய பொருளோடு அல்லவா கட்டப்பட்டிருக்கின்றன? வகைப்பாடு என்பது இங்கே ஒரு நிலை. ரம்பாவின் இரண்டாவது கோணத்தில் வைக்க வேண்டியதை முதல் கோணத்தில் வைத்ததால் வந்த சிக்கல் இது.

கட்டளை என்றேன். கோயிலில் ஒருவர் ஒரு தொகையையோ நிலத்தையோ வைத்து, இன்ன நட்சத்திரத்தில் இன்ன அபிஷேகம் நடக்க வேண்டும் என்று ஏற்படுத்துகிறார். வைத்த முதல் குறையக் கூடாது, அதன் வருவாயில் காரியம் நடக்க வேண்டும். கொடுத்தவர் காலமானாலும் கட்டளை நிற்கிறது. ஆகையால் 'கொடையாளர்' என்ற பெட்டிக்குள் அதை ஒரு பண்பாக அடைத்தால் தவறாகிவிடும். முதல், வருவாய், காரியம், நாள், பொறுப்பாளர் எல்லாம் கொண்ட தனிப்பொருள் அது. இன்று நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் இந்தச் சொற்பொழிவும் அதே அமைப்பில்தான் நடக்கிறது. வைப்பு நிதி இருக்கிறது, ஆண்டு வட்டி இருக்கிறது, ஆண்டுக்கொரு காரியம் இருக்கிறது. கோயில் கட்டளைக்கு எழுதிய மாதிரியில் சிறு மாற்றம் செய்தால் கல்லூரியின் அறக்கட்டளைகளையும் அதில் நடத்தலாம். இரண்டு துறைகள் மேலே வேறாகவும் அடியில் ஒன்றாகவும் இருப்பதைக் கண்டுபிடிக்கிற மகிழ்ச்சி பெரிது. மாணவப் பருவத்திலேயே அதை ஒரு தடவையாவது அனுபவித்துவிட வேண்டும்.

நாள் பற்றிய சிக்கலுக்கு வருகிறேன். எனக்கு இதில் ஈடுபாடு அதிகம், ஆகவே சற்றே நீளமாகச் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பௌர்ணமி தோறும் நம் ஊருக்கு வரும் கூட்டம் உங்களுக்குத் தெரியும். மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை இரவெல்லாம் மனிதர்களால் நிறைகிறது. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சிறப்புப் பேருந்துகள், சிறப்பு ரயில்கள், தண்ணீர், காவல், மருத்துவம் அனைத்தும் அந்த நேரத்தை நம்பி ஏற்பாடாகின்றன. இதற்கு மென்பொருள் எழுதும் மாணவர் 'பௌர்ணமி: தேதி' என்று ஒரு வரி எழுதுவார். அங்கேயே பிழை விழுந்துவிட்டது. பௌர்ணமி ஒரு தேதி இல்லை, ஒரு திதி. வானில் சூரியனை விட்டுச் சந்திரன் விலகியிருக்கும் கோணம் 12 பாகை வளர்வதற்கு ஆகும் நேரமே ஒரு திதி. 168 பாகையில் பௌர்ணமித் திதி தொடங்கி, 180 பாகையில் முடிகிறது. சந்திரன் ஒரே வேகத்தில் போவதில்லை. அதனால் ஒரு திதி ஏறக்குறைய 20 மணி நேரமாகவும் இருக்கலாம், 26 மணி நேரத்துக்கு மேலும் நீளலாம். காலையில் தொடங்கலாம், நள்ளிரவிலும் தொடங்கலாம். அதனால்தான் கிரிவலத்துக்கு உகந்த நேரம் என்று இன்ன நாள் இத்தனை மணி முதல் மறுநாள் இத்தனை மணி வரை என அறிவிப்பு வருகிறது. மாதிரியில் அது ஒரு தொடக்கக் கணத்துக்கும் ஒரு முடிவுக் கணத்துக்கும் இடைப்பட்ட ஓர் இடைவெளியாக இருக்க வேண்டும்.

அதோடு முடிவதில்லை. எந்தப் பஞ்சாங்கத்தின்படி? வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு மரபு இருக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தைத் தருவதில்லை. 2025 மார்ச்சில் திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி என்று எங்கும் பேச்சாக இருந்தபோது, தாங்கள் பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம், அதன்படி பெயர்ச்சி 2026இல்தான் என்று திருநள்ளாறு கோயில் நிர்வாகம் அறிவிக்க வேண்டியிருந்தது. ஆக, திதிக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருப்பதோடு, அவற்றைக் கணித்த பஞ்சாங்கம் எது என்பதும் அதன் பண்பு. பேருந்து டெப்போவுக்கோ பஞ்சாங்கம் பற்றிக் கவலை இல்லை, ஆங்கிலத் தேதியும் 24 மணி நேரக் கடிகாரமும்தான் அதன் மொழி. இந்த இரண்டு உலகுக்கும் நடுவே மொழிபெயர்க்க ஒரு பொருள் வேண்டும். அதை ஓரிடத்தில் வைத்தால் பிழைத்தோம். பத்து இடத்தில் தூவினால், திதி நள்ளிரவைத் தாண்டும் மாதத்தில் பேருந்து ஒரு நாளும் பக்தர் ஒரு நாளும் வருவார்கள். எரிக் எவன்ஸ் 2003இல் எழுதிய 'டொமைன் டிரிவன் டிசைன்' என்ற நூலின் மையக் கருத்துகளில் ஒன்று இது: ஒவ்வொரு எல்லைக்குள்ளும் அங்குள்ளோர் பேசும் சொல்லையே நிரலிலும் வைத்துக்கொள், எல்லையைக் கடக்கும் இடத்தில் மொழிபெயர்ப்பை வெளிப்படையாகச் செய்.

இதை ஒரு மாணவர் எங்கே கற்பார்? பாடநூலில் கிடைக்காது. குருக்களிடம் போய், "ஐயா, போன மாதம் கிரிவலம் ஏன் ரெண்டு நாள் வந்துச்சு?" என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் கற்பார்.

தீபத்தன்று நடப்பது இன்னொரு பாடம். அதிகாலையில் கோயிலுக்குள் பரணி தீபம். மாலையில் பஞ்சமூர்த்திகள் தீப தரிசன மண்டபத்தில் எழுந்தருள்கிறார்கள். அர்த்தநாரீசுவரர் சில கணங்களே வெளியே வந்து காட்சி தருகிறார். கொடிமரத்தருகே அகண்ட தீபம் ஏற்றப்படுகிறது. அதே வேளையில், 2,668 அடி உயரத்து மலையுச்சியில் கொப்பரையில் பருவதராஜ குலத்தினர் மகாதீபத்தை ஏற்றுகிறார்கள். அதைக் கண்டு ஊரெல்லாம் வீட்டு வாசல்களில் விளக்கு ஏறுகிறது. சீக்வென்ஸ் டயகிராம் கற்பிக்க இதைவிடத் தெளிவான நிகழ்வை நான் அறியேன். யார் யாருக்குச் செய்தி அனுப்புகிறார், யார் காத்திருக்கிறார், எது முன், எது பின் என்பது இந்த ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும். மலையிலிருப்போருக்கும் கோயிலுக்கும் இடையே இருப்பது ஒருவரையொருவர் அறிந்த இணைப்பு. மலைக்கும் வீடுகளுக்கும் இடையே அப்படியில்லை. எத்தனை வீடுகள் பார்க்கின்றன என்ற பட்டியல் மலையுச்சியில் இல்லை. பார்ப்பவர் பார்த்துத் தாமே செயல்படுகிறார். இந்த இருவகைச் செய்தியையும் மாணவர் வேறுபடுத்திவிட்டால், பெரிய நிறுவனங்களில் இன்று ஓடும் செய்திப் பரிமாற்ற அமைப்புகளை அவர் அஞ்ச வேண்டியதில்லை.

2024ஆம் ஆண்டு தீபத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். அந்த டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு பேரை இழந்தோம். அடுத்த இரண்டு வாரத்துக்குள், டிசம்பர் 13இல் தீபம். பக்தர்கள் மலையேற அனுமதி கிடையாது என்று முடிவானது. தீபம் ஏற்ற வேண்டியவர்கள் ஏறினார்கள், தீபம் எரிந்தது. 'மலையேறுதல்' என்று ஒரே செயலாக எழுதிய மென்பொருளால் அந்த முடிவைத் தாங்க முடியாது. தீபம் ஏற்றும் கடமையால் ஏறுவது வேறு, தரிசனத்துக்கு அனுமதி பெற்று ஏறுவது வேறு. இரண்டும் ஒரே பாதையில் நடப்பதாலேயே ஒன்றாகிவிடாது. கொரோனா காலத்தில் கிரிவலம் தடைசெய்யப்பட்ட மாதங்களிலும் கோயிலில் பூசை நிற்கவில்லை என்பதைச் சேர்த்து எண்ணிப் பாருங்கள். உயிர் காக்கும் முடிவுகள் அவசரத்தில் எடுக்கப்படுகின்றன. நம்முடைய மாதிரி அந்த அவசரத்துக்கு இடம் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் வகுப்பறையில் எப்படிச் செய்வது? கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் இருவரும் 1989இல் ஓர் எளிய முறையைச் சொன்னார்கள். நாலுக்கு ஆறு அங்குல அட்டை. மேலே இனக்குழுவின் பெயர், இடப்பக்கம் அதன் பொறுப்புகள், வலப்பக்கம் அது யாருடைய உதவியை நாடுகிறது என்பது. அட்டைக்கு ஒரு மாணவர். ஆசிரியர் ஒரு நிகழ்வைச் சொல்வார்: 'ஐந்தாம் நாள் இரவு, மழை, ரிஷப வாகனம் புறப்படத் தாமதம்.' அட்டை வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டு அந்த நிகழ்வை நடத்திக்காட்ட வேண்டும். ஒருவர் மட்டுமே ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால் அவருடைய அட்டையில் பொறுப்பு மிகுந்துவிட்டது என்று பொருள். யாரும் அழைக்காமல் ஒருவர் சும்மா நின்றால் அந்த அட்டை தேவையில்லை. கணினி வேண்டாம், மென்பொருள் உரிமம் வேண்டாம். அட்டை சிறிதாக இருப்பதும் நல்லதே, அதில் கொள்ளாத அளவுக்குப் பொறுப்பு சேர்ந்தால் இனக்குழுவைப் பிரிக்கும் வேளை வந்துவிட்டது.

இந்தப் பயிற்சி தமிழில் நடக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். தொழிற்கல்விப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு 2021இல் சட்டமான பிறகு, தமிழ்வழியில் பயின்ற பிள்ளைகள் முன்னைவிட அதிகமாகப் பொறியியல் வகுப்புக்கு வருகிறார்கள். சி பிளஸ் பிளஸைத் தமிழில் படித்துத் தேர்ந்தவர்கள் ஆங்கில வகுப்பில் வாய்மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன், மனம் வலிக்கிறது. மாதிரி அமைக்கும் வேலையில் அவர்களுக்குக் குறையில்லை, உள்ளபடி அனுகூலம் இருக்கிறது. கட்டளை, திருமஞ்சனம், உபயம், மண்டகப்படி, குத்தகை எல்லாம் அவர்கள் வீட்டில் புழங்கும் சொற்கள். துறைசார்ந்தவரோடு அவர்களால் தடையின்றிப் பேச முடியும். நிரல் எழுதும்போது ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ளட்டும். மாறாமலும் எழுதலாம், ஜாவாவும் பைத்தான் 3உம் தமிழ் எழுத்தில் பெயரிட இடம் தருகின்றன. டென்மார்க்கின் பீட்டர் நவுர் 1985இல் எழுதிய கட்டுரை ஒன்றில், நிரல் என்பது அதை எழுதியோர் மனத்தில் கட்டியெழுப்பிய புரிதல், ஏட்டிலுள்ள வரிகள் அதன் ஒரு பகுதியே என்று வாதிட்டார். புரிதல் எந்த மொழியில் உண்டாகிறதோ அந்த மொழியில் பேசவிடுவதுதான் கற்பித்தல்.

ஆகவே கல்லூரி முதல்வரிடமும் துறைத் தலைவரிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆய்வகப் பட்டியலில் உள்ள தலைப்புகளில் ஒன்றை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஊரிலிருந்து ஒரு தலைப்பைக் கொடுங்கள்: திருமஞ்சனக் கட்டளை, பௌர்ணமிச் சிறப்புப் பேருந்து, தேரடி வீதிப் பூக்கடைகளின் திருவிழாக்காலக் கடன், உங்களுக்குப் பொருத்தமாகத் தோன்றும் எதுவானாலும் சரி. வாய்மொழித் தேர்வன்று மேசையின் மறுபக்கம் பேராசிரியருக்குப் பக்கத்தில் அந்தத் துறையைச் சேர்ந்த ஒருவரை உட்கார வையுங்கள். கோயில் கணக்கர், டெப்போ டைம் கீப்பர், பூக்கடைக்காரம்மா, யாராக இருந்தாலும் அவர்தான் அன்றைய முதல் தேர்வாளர். மாணவர் படத்தை விரித்து, குறியீட்டுப் பெயர் ஒன்றுகூடச் சொல்லாமல் அவருக்கு விளக்க வேண்டும். அவர் இல்லை என்று மறுக்கும் இடங்களில் மாணவர் அங்கேயே பென்சிலால் திருத்த வேண்டும். மதிப்பெண்ணில் பாதி அந்தத் திருத்தங்களுக்கு. வருகிறவருக்கு மதிப்பூதியம் தர விதியில் வழி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இந்த அறக்கட்டளையின் வட்டியிலிருந்து கொடுக்க நிறுவனர் குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் முறை நடத்தும்போது அட்டைகளோடு நானும் வந்து உட்காருகிறேன்.